பதினெட்டாவது பெயர்

கேத்துட் ரிந்தா என் ஜெராக்ஸ் கடைக்கு வருகிறார் என்றால் அவருக்கு முன்னால் வாத்து வாடை வந்து சேர்ந்துவிடும். மோட்டார் பைக்கின் இரண்டு பக்கமும் மூங்கில் கூடை, கூடை நிறைய வாத்து முட்டை. வண்டியை நிறுத்தியதும் என் பெயரைக் கூப்பிட்டு, "லூ, காப்பி இருக்கா?" என்பார். போட்டுக் கொடுத்தால் பாதி குடித்துவிட்டுப் பேச்சில் மறந்துபோவார். அந்தப் பாதிக் காப்பிகளைக் கொட்டிக் கழுவியே எனக்குப் பதினாறு வருடம் போயிற்று. வாய்விட்டுத் திட்டியும் இருக்கிறேன். போன வருடம் அவர் இறந்தபிறகு, காப்பியை மிச்சம் வைக்க ஆளில்லாத கடையில் உட்கார்ந்திருப்பது எனக்குப் பிடிக்கவே இல்லை.

தொழிலால் அவர் முட்டை வியாபாரி. ஊருக்கு எங்கள் பஞ்சாரின் எழுத்தர். ஒன்பதாம் வகுப்போடு நின்றவர்தான், ஆனால் கையெழுத்து அச்சுப் போல இருக்கும், அதனால் பிடித்துப்போட்டுவிட்டார்கள். பஞ்சார் என்றால் எங்கள் எண்பத்து நான்கு வீடுகளும் சேர்ந்த ஊர்க்கூட்டம். கோயில் வேலை, கல்யாணம், சாவு, எதுவானாலும் பஞ்சார்தான் வந்து தோள் கொடுக்கும். பாலியில் காசில்லாமல் வாழ்ந்துவிடலாம், பஞ்சார் இல்லாமல் சாகக்கூட முடியாது. நான் மிகைப்படுத்தவில்லை. பிணம் தூக்க வேறு யார் வருவார்கள்?

அந்த எண்பத்து நான்கு வீட்டுப் பெயர்களும் கேத்துட்டின் நோட்டுப் புத்தகத்தில் ஒரு வரிசையில் இருந்தன. அந்த வரிசையை லேசாக நினைத்துவிட வேண்டாம். தாத்தா இருந்த இடத்தில் அப்பா, அப்பா இருந்த இடத்தில் மகன். புதிதாகக் கல்யாணமாகித் தனிக்குடும்பமாகச் சேர்ந்தவன் கடைசியில். மண்டபத்தில் உட்காருவதும் அந்த வரிசையில்தான், விருந்தில் இலைப்பங்கு வாங்குவதும் அந்த வரிசையில்தான். யாராவது விலகினாலோ சேர்ந்தாலோ கேத்துட் முழுப் பட்டியலையும் புதிதாக எழுதுவார். நான் ஆறு பிரதி எடுத்துக் கொடுப்பேன். எடுக்கும்போதே, "ஐயோ, முப்பத்திரெண்டை விட்டுட்டேன்" என்பார். மறுபடி எழுதுவார்.

2010 மழைக்காலத்தில் ஒரு நாள் டென்பசார் நகரத்திலிருந்து வந்த யாரோ ஒருவர் ஒரு சின்னப் புத்தகத்தைக் கொடுத்து இரண்டு பிரதி போடச் சொன்னார். பைதான் என்கிற கணினி மொழியைப் புதிதாகப் படிப்பவர்களுக்கு, நாற்பது பக்கம். போட்டு வைத்தேன். ஆள் திரும்பி வரவே இல்லை. இன்றுவரை வரவில்லை. பிரதிகள் மேஜையில் கிடந்தன. மழைக்கு ஒதுங்கிய கேத்துட் அதில் ஒன்றை எடுத்துப் புரட்டினார். பட்டியல் என்று தலைப்புப் போட்ட பக்கத்தில் அவர் கண் நின்றுவிட்டது. பட்டியலோடு மல்லுக்கட்டியே நாற்பத்தாறு வயதான மனிதர் இல்லையா.

"லூ, இங்க பாரு. முதல் ஆளுக்கு நம்பர் பூஜ்யமாம். இதை எழுதினவனுக்கு எண்ணத் தெரியாது போல."

"உங்க முட்டை அட்டையில முதல் முட்டைக்கு முன்னால எத்தனை முட்டை இருக்கு?"

"முதல் முட்டைக்கு முன்னால என்ன இருக்கும்? ஒண்ணும் இல்ல."

"அதான் பூஜ்யம்."

அவர் காப்பியை வைத்துவிட்டு என்னையே பார்த்தார். "அப்ப நீ எத்தனாவது ஆளுன்னு அது கேக்கல. உனக்கு முன்னால எத்தனை பேருன்னு கேக்குது."

எனக்கும் அப்போதுதான் புரிந்தது. நான் ஏதோ வாய்க்கு வந்ததைச் சொல்லியிருந்தேன். அன்றிலிருந்து பட்டியலில் முதல் பெயரான பஞ்சார் தலைவர் ஞோமன் பத்ராவை, அவர் காதுபடவே "நம்ம பூஜ்யம்" என்று கூப்பிட ஆரம்பித்தார் கேத்துட். தலைவருக்கு அது சுத்தமாகப் பிடிக்கவில்லை.

என் கடையில் பழைய கணினி ஒன்று இருந்தது. மதியம் இரண்டு மணிக்கு மேல் கூட்டம் இருக்காது. முட்டையெல்லாம் விற்றுவிட்டு வந்து அதன் முன்னால் உட்கார்ந்துவிடுவார். நானும் பக்கத்தில் முக்காலி போட்டுக்கொள்வேன். யாருக்கு யாரும் வாத்தியார் இல்லை, இரண்டு பேருமே மக்கு. எண்பத்து நான்கு பெயரையும் ஒற்றை விரலால் குத்திக் குத்தி ஏற்ற அவருக்கு நான்கு நாள் ஆயிற்று.

பிறகு ஒவ்வொன்றாகப் பிடிபட்டது. அப்பெண்ட் என்றால் வந்தவனைக் கடைசியில் உட்கார வைக்கும். இன்சர்ட் என்றால் எந்த இடம் என்று சொல்ல வேண்டும், அங்கே செருகிவிட்டு மற்றவர்களை ஓரடி பின்னால் தள்ளும். பாப் என்றால் இடத்தைச் சொல்லி ஆளைக் கிளப்புவது, இடம் சொல்லாவிட்டால் கடைசி ஆளைக் கிளப்பும். ரிமூவ் என்றால் பெயரைச் சொல்லிக் கிளப்புவது. லென் என்றால் மொத்தம் எத்தனை பேர் என்று சொல்லும். அந்த லென் மீது அவருக்குத் தனிப் பிரியம். வந்ததும் ஒரு தடவை, போகும்போது ஒரு தடவை போட்டுப் பார்ப்பார். எண்பத்து நாலு என்று வந்தால், வாத்துகளைக் கொட்டிலில் அடைத்துவிட்டவர் மாதிரி நிம்மதியாகப் பெருமூச்சு விடுவார்.

சார்ட் என்பதைத் தெரிந்துகொண்ட நாள்தான் பெரிய கூத்து. அது எழுத்து வரிசைப்படி அடுக்கித் தரும் என்று புத்தகம் சொன்னது. அடுக்கித் தந்தது. எங்கள் ஊரில் முதல் பிள்ளை வாயன், இரண்டாவது மாதே, மூன்றாவது ஞோமன், நான்காவது கேத்துட். ஐந்தாவதாக ஒன்று பிறந்தால் திரும்பவும் வாயன். ஊர் முழுக்க இந்த நாலு பெயர்தான், அதன் பின்னால் அவரவர் சொந்தப் பெயர். ஆங்கில எழுத்து வரிசையில் கேத்துட்டுகள் எல்லோரும் மேலே போய்க் குந்திக்கொண்டார்கள். மூத்த பிள்ளைகளான வாயன்கள் வாலில் கிடந்தார்கள்.

"லூ! பொறந்ததிலேருந்து இன்னிக்குத்தான் நான் எங்க அண்ணனுங்களுக்கு முன்னால வந்திருக்கேன்!" என்று கைதட்டிச் சிரித்தார்.

"சரி, பழைய வரிசை எங்கே?"

"அதெல்லாம் எடுத்து வெச்சிருக்கேன். எனக்கென்ன பைத்தியமா?" பழசு என்று இன்னொரு பெயர் வைத்து, பட்டியலை அதற்குச் சமம் என்று முன்பே எழுதியிருந்தார். அதைத் திறந்தார். அதிலும் கேத்துட்டுகள்தான் மேலே இருந்தார்கள். சிரிப்பு நின்றது.

புத்தகத்தின் முப்பத்தோராம் பக்கம்வரை போனபிறகுதான் விஷயம் தெரிந்தது. சமம் போட்டால் இன்னொரு பட்டியல் பிறக்காது, ஒரே பட்டியலுக்கு இரண்டு பெயர்தான் வரும். அவரை வீட்டில் கேத்துட் என்கிறார்கள், சந்தையில் முட்டைக்காரர் என்கிறார்கள், அடித்தால் வலிப்பது ஒரே முதுகுக்குத்தான். தனியாக வேண்டுமென்றால் காப்பி என்று கேட்டு வாங்க வேண்டும். அவர் கேட்ட காப்பி வேறு. மறுபடி நான்கு நாள் ஒற்றை விரலால் குத்தினார். நான் சிரித்த சிரிப்பில் முக்காலியிலிருந்து விழப் பார்த்தேன்.

அந்த மதியங்களை நினைத்தால் இப்போதும் சுகமாக இருக்கிறது. வெளியே மழை கொட்டும். ஜெராக்ஸ் இயந்திரத்தின் சூட்டில் கடை கதகதப்பாக இருக்கும். அவர் எண்பத்து நான்கு பேரைப் பதினாலு பதினாலாக வெட்டி, ஊர் வேலையை முறைவைத்துச் செய்ய ஆறு முறைக்குழு ஆக்கினார். பூஜ்யத்திலிருந்து பதினாலு வரை என்று எழுதினால் பதினாலாவது எண் வராது, அதற்கு முன்னாலேயே நின்றுவிடும். அதற்கு ஒரு வாரம் சண்டை போட்டார். பிறகு ஆறு குழுக்களையும் ஒரு பட்டியலாக்கி, முதல் குழுவைப் பாப் செய்து அதையே அப்பெண்ட் செய்தார். வேலை முடித்த குழு கடைசிக்குப் போயிற்று, இரண்டாவது குழு முன்னால் வந்து நின்றது. ஒரே வரி. இதற்கு அவர் நோட்டில் மூன்று பக்கம் எழுதுவார். அந்த வரியைப் பார்த்து அவர் கண் கலங்கியதை நான் பார்த்தேன், பார்க்காத மாதிரி டோனர் மாற்றினேன். அடுத்து வந்த தும்பெக் லண்டெப் நாளில், ஊரே இரும்புச் சாமானுக்கும் வண்டிக்கும் படையல் வைத்தபோது, அவர் என் கணினிக்கு ஒரு பூத்தட்டும் அதன் நடுவில் அவித்த வாத்து முட்டையும் வைத்து ஊதுபத்தி ஏற்றினார். சாம்பல் விசைப்பலகையில் விழுந்து ஒரு எழுத்து ஒரு மாதம் வேலை செய்யவில்லை.

இப்படி எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் வாயன் மூர்தா விஷயம் வந்தது.

வாயன் மூர்தா என்று எங்கள் பஞ்சாரில் இரண்டு பேர். ஒருவர் மரம் செதுக்குகிறவர், வரிசையில் பதினெட்டாவது. அவருடைய அப்பா படுத்த படுக்கையாக இருந்தார். இன்னொருவர் தெற்குத் தெருவில் லாரி ஓட்டியவர், அறுபத்திரண்டாவது. லாரிக்கார மூர்தா நிலம் கிடைக்கிறது என்று குடும்பத்தோடு சுலவேசித் தீவுக்குப் போனார். முறைப்படி விடைபெற்றார், அழுதார், எல்லோரும் அழுதோம். அவர் பெயரை எடுக்க வேண்டும்.

அதே வாரம் பஞ்சார் கூட்டத்தில் மண்டபத்தின் முன்பகுதியை ஒரு போன் கடைக்கு வாடகைக்கு விடலாமா என்று பேச்சு. செதுக்குகிற மூர்தா எழுந்து நின்று தலைவரைப் பார்த்து, "இது யார் அப்பன் வீட்டு மண்டபம்?" என்று கத்தினார். தலைவர் பத்ரா முகம் சிவந்துபோனார். கூட்டம் பாதியில் கலைந்தது. எங்களுக்கு அது பெரிய அவமரியாதை. ஆனால் அதற்காக யாரும் யாரையும் விலக்கிவிடுவதில்லை.

மறுநாள் மதியம் கேத்துட் வந்தார். திரையில் பட்டியலை உருட்டினார். அறுபத்திரண்டாவது வரியில் நிறுத்தி, "போயிட்டு வாடா, லாரிக்காரா" என்று அந்தப் பெயரைக் கண்ணால் பார்த்துக்கொண்டே ரிமூவ் போட்டு, வாயன் மூர்தா என்று எழுதி, எண்டர் தட்டினார். லென் போட்டார். எண்பத்து மூன்று. திருப்தியாகத் தலையாட்டினார். அச்செடுத்து ஆறு குழுவுக்கும் கொடுத்தாயிற்று. நானும் பக்கத்தில்தான் இருந்தேன். எனக்கும் எதுவும் தோன்றவில்லை.

அடுத்த வாரம் இருபத்தொன்பதாம் வீட்டுக் கிழவர் வந்து முறையிட்டார். "மூணாம் குழுவிலேருந்து என்னை ஏன் ரெண்டுல போட்டீங்க?"

"ஒருத்தர் போயிட்டாருல்ல தாத்தா, எல்லாரும் ஓரடி முன்னால நகர்ந்திருக்கீங்க" என்றார் கேத்துட், பெரிய மேதை மாதிரி. அறுபத்திரண்டாவது ஆள் போனால் இருபத்தொன்பதாவது ஆள் ஏன் நகர வேண்டும்? அந்தக் கேள்வியைக் கேட்க எங்கள் இரண்டு பேருக்கும் மூளை இல்லை.

நான்கு மாதம் போயிற்று. ஒரு காலை, கடை திறந்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை, செதுக்குகிற மூர்தா வந்தார். மேலெல்லாம் மரத்தூள் இல்லை, குளித்துக் கறுப்புச் சட்டை போட்டிருந்தார். இரண்டு அட்டைகளை மேஜையில் வைத்தார். "லூ அக்கா, இதுல அஞ்சு காப்பி."

அவருடைய அப்பாவின் அடையாள அட்டை. குடும்ப அட்டை.

"என்னாச்சு வாயன்? அப்பாவுக்கு?"

"விடியற்காலையில போயிட்டார்."

"ஐயோ! குல்குல் அடிச்ச சத்தமே கேக்கலையே?" எங்கள் மண்டபத்துக் கோபுரத்தில் தொங்குகிற மர மத்தளம் அது. சாவு என்றால் அது ஒலிக்கும், கேட்டதும் வீட்டுக்கு ஒருவர் அரிசியோடு கிளம்பிவிடுவோம்.

"எனக்கு யாருக்கா அடிப்பாங்க?" அவர் என்னைப் பார்க்கவில்லை, இயந்திரத்தைப் பார்த்தபடி பேசினார். "வெளியூர்ல ஒரு தகன மேடை இருக்காம், வண்டியும் அவங்களே அனுப்புவாங்களாம். பேப்பர் கேட்டாங்க."

"என்ன உளர்றே?"

"நாலு மாசமா ஒரு வேலைக்கு என்னைக் கூப்பிட்டாங்களா? கோயில் திருவிழாவுக்குக் கூப்பிட்டாங்களா? பட்டியலைப் பார்த்தேன்கா. பதினெட்டுல எங்க பேர் இல்ல. அன்னிக்குக் கத்தினேன்ல, அதுக்குத்தான். விலக்கறதுன்னா மூஞ்சிக்கு நேரா சொல்லியிருக்கலாம். எங்கப்பா கேட்டுக்கிட்டே இருந்தார், ஏண்டா யாரும் பார்க்க வரலைன்னு. அவர்கிட்ட என்னன்னு சொல்றது?"

அந்த ஐந்து பிரதியை எப்படி எடுத்துக் கொடுத்தேன் என்று தெரியாது. அவர் போனதும் கணினியைத் திறந்தேன். பதினெட்டாவது வரியில் வேறு பெயர் இருந்தது. உருட்டினேன். அறுபத்தொன்றாவது வரியில் வாயன் மூர்தா பத்திரமாக இருந்தார், சுலவேசிக்குப் போன லாரிக்காரர்.

கேத்துட் வீட்டு வாசலில் முட்டைகளைக் கூடையில் அடுக்கிக்கொண்டிருந்தார். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். திரையைப் பார்த்தார்.

"நான் லாரிக்காரனைத்தானே பார்த்துக்கிட்டே அடிச்சேன்."

"நீங்க பார்த்தது அதுக்கு எப்படித் தெரியும் அண்ணே? பேரைத்தானே சொன்னீங்க? மேலேருந்து தேடிக்கிட்டு வந்து, முதல்ல கிடைச்ச வாயன் மூர்தாவைத் தூக்கிடுச்சு."

பிறகு ஒவ்வொன்றாக விளங்கியது. ஐந்தாம் குழுவுக்குச் சேதி சொல்கிறவர் பட்டியலில் லாரிக்காரர் பெயரைப் பார்த்து, கேத்துட் இன்னும் எடுக்கவில்லை போல என்று சிரித்துக்கொண்டே தாண்டிப் போயிருக்கிறார். இரண்டாம் குழுவுக்குச் சேதி சொல்கிறவர் செதுக்குகிறவர் பெயர் இல்லாததைப் பார்த்து, அந்தச் சண்டைக்காகப் பெரியவர்கள் எடுத்துவிட்டார்கள் போல என்று வாயை மூடிக்கொண்டிருக்கிறார். மற்ற எல்லோரும், மூர்தா கோபத்தில் வராமல் இருக்கிறான் என்று நினைத்தோம். நான் உட்பட. நான்கு மாதத்தில் ஒரு நாள் அவர் வாசலில் நின்று "சாப்பிட்டியா" என்று கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை. கணினியைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை.

கேத்துட் அவசர அவசரமாகச் செதுக்குகிறவர் பெயரை அப்பெண்ட் செய்தார். அச்செடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஓடினார். தலைவர் அனுமதி இல்லாமல் குல்குல்லைத் தொடக்கூடாது. தலைவர் சந்தைக்குப் போயிருந்தார். கேத்துட் காத்திருக்கவில்லை. கோபுரத்தில் ஏறி அடிக்கத் தொடங்கிவிட்டார், முட்டை கூடை கட்டுகிற கயிறு தோளில் தொங்கியபடியே.

ஜனம் ஓடி வந்தது. கேத்துட் படியில் நின்றார்.

"மூர்தாவோட அப்பா இறந்துட்டார். செதுக்கற மூர்தா. அவனை யாரும் விலக்கல. நான்தான் பேரை அழிச்சிட்டேன்."

"கம்ப்யூட்டர் தப்பா?" என்று யாரோ கேட்டார்கள்.

"கம்ப்யூட்டர் சொன்னதைச் செஞ்சுது. எந்த மூர்தான்னு நான்தான் சொல்லல. என் தப்பு."

அரிசி, தேங்காய், துணி என்று கைக்குக் கிடைத்ததை எடுத்துக்கொண்டு எல்லோரும் மூர்தா வீட்டுக்குப் போனோம். சேதி கேட்டுத் தலைவர் பத்ராவும் சந்தையிலிருந்து நேரே வந்துவிட்டார். ஆனால் மூர்தா வாசலை மறித்துக்கொண்டு நின்றார். பின்னால் முற்றத்து மண்டபத்தில் அவருடைய அப்பா வெள்ளைத் துணிக்கடியில் கிடப்பது தெரிந்தது. சுற்றி நாலே நாலு பேர்.

"எதுக்கு வந்தீங்க?"

கேத்துட் நடந்ததைச் சொன்னார். மூன்று தடவை சொன்னார். மூர்தா முகத்தில் எதுவும் மாறவில்லை. "நல்லாயிருக்கு கதை" என்றார்.

தலைவர் முன்னால் வந்து, "வாயன், அன்னிக்குப் பேசினது அன்னியோட போச்சு. உன்னை விலக்கணும்னா நான் கூட்டம் போட்டு, உன் எதிர்லதான் சொல்லுவேன்" என்றார்.

"பட்டியலைக் காட்டுங்க."

கேத்துட் பையிலிருந்து தாளை எடுத்துக் கொடுத்தார். மூர்தா மேலிருந்து விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தார். பதினெட்டில் விரல் நின்றது. பிறகு கீழே, கீழே, கடைசி வரி வரைக்கும் போயிற்று. எண்பத்து நான்காவது. இரண்டு வருடம் முன்னால் கல்யாணமான பையனுக்கும் கீழே.

"கடைசியிலயா?" என்றார். குரல் அப்போதுதான் உடைந்தது. "இன்னிக்கு வந்தவனா நான்? எங்க தாத்தா பதினெட்டு. உள்ள படுத்திருக்காரே, அவர் பதினெட்டு. எங்கப்பாவைப் பதினெட்டாவது வீட்டு ஆளாத் தூக்கறதுன்னா தூக்குங்க. இல்லைன்னா அந்த வண்டியே வரட்டும்."

மத்தியானம் அந்த வண்டி வந்துவிடும் என்று எல்லோருக்கும் தெரியும். எங்கள் ஊரில் ஒரு பெரியவர் வாடகை வண்டியில் தனியாகப் போனார் என்றால், அந்தக் குடும்பம் திரும்பப் பஞ்சாருக்குள் வராது. நாங்களும் தலை நிமிர்ந்து நடக்க முடியாது.

"அரை மணி நேரம் குடு" என்றார் கேத்துட்.

கடைக்கு என் வண்டியில்தான் வந்தோம். பின்னால் உட்கார்ந்திருந்தவர் வழி முழுக்க ஏதோ முணுமுணுத்துக்கொண்டே வந்தார். எண்கள். கணினி முன்னால் உட்கார்ந்து முதலில் இடம் சொல்லாமல் பாப் போட்டார், கடைசி வரி போயிற்று. பிறகு லாரிக்காரர் வரியைக் கண்டுபிடித்தார். இந்தத் தடவை பெயரைச் சொல்லவில்லை. அறுபதாவது எண் என்று இடத்தைச் சொல்லிக் கிளப்பினார். முன்னாலும் பின்னாலும் இருந்த பெயர்களை இரண்டு தடவை உரக்கப் படித்து, சரிதானா என்று என்னைக் கேட்டார். பிறகு இன்சர்ட் என்று எழுதி, பதினெட்டு என்று எழுதினார்.

நான் அவர் கையில் ஓங்கி ஒரு அடி வைத்தேன். "அண்ணே! முன்னால எத்தனை பேரு?"

"பதினேழு..." பதினெட்டை அழித்தார். பதினேழு என்று அடித்தார். வாயன் மூர்தா என்று ஒவ்வோர் எழுத்தாக அடித்தார். லென் போட்டார். எண்பத்து மூன்று. பெருமூச்சு விடவில்லை. முன்பும் எண்பத்து மூன்றுதானே காட்டியது. மேலிருந்து கீழ்வரை ஒவ்வொரு பெயராக, ஒவ்வொரு வீட்டு வாசலையும் நினைத்துக்கொண்டு படித்தார். அதன்பிறகுதான் அச்செடுக்கச் சொன்னார்.

மூர்தா இன்னும் வாசலில் அப்படியேதான் நின்றார். கூட்டமும் வெயிலில் அப்படியேதான் நின்றது. தாளை வாங்கிப் பார்த்தார். பதினெட்டில் விரல் வைத்தார். பிறகு வாசலை விட்டு ஒதுங்கி நின்றார். எண்பது பேர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனோம். கேத்துட் மட்டும் வெளியே மதில் ஓரம் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதார். மூர்தாவே போய்க் கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்தார். "முட்டைக்காரரே, உள்ள வேலை கிடக்கு" என்றார்.

அனுமதியில்லாமல் குல்குல் அடித்ததற்குக் கேத்துட்டுக்கு அபராதம் விதித்தார்கள், இருபத்தைந்து கிலோ அரிசி. தலைவர் பூஜ்யம் அதில் ஒரு கிலோகூடக் குறைக்கவில்லை. கேத்துட் கணினியை விட்டுவிடுவார் என்று நினைத்தேன். இல்லை. ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் வீட்டு அடையாளத்தைச் சேர்த்து எழுதினார்: செதுக்குகிற, பலாமரத்து வீட்டு, இரட்டை வாசல். அச்செடுத்தால் தாளைச் சுமந்துகொண்டு வீடு வீடாகப் போய்க் காட்டிவிட்டுத்தான் குழுக்களுக்குக் கொடுப்பார். "இப்படி அலையறதுக்கு எதுக்கு அண்ணே கம்ப்யூட்டர்?" என்று கேட்டால், "எழுதறதுக்கு அது, பார்க்கறதுக்கு நான்" என்பார். ஒன்பது வருடம் கழித்துக் கண் மங்கியபோது எழுத்தர் வேலையை விட்டார். அவர் கைகாட்டிய ஆள் வாயன் மூர்தாதான்.

போன வருடம் கேத்துட் சந்தையில் முட்டை எண்ணிக்கொண்டிருக்கும்போதே சாய்ந்துவிட்டார். மூர்தாதான் கோபுரத்தில் ஏறி அடித்தார், இந்த முறை அனுமதியோடு. ஒரு வீடு விடாமல் வந்தார்கள். சுலவேசியிலிருந்து லாரிக்கார மூர்தா போனில் பேசி அழுதார்.

தகனத்துக்கு முந்தின நாள் மதியம் மூர்தா கடைக்கு வந்து கணினி முன்னால் உட்கார்ந்தார். கேத்துட்டின் இடம் நாற்பதாவது. அங்கே இனிமேல் அவருடைய மூத்த மகன் பெயர் வர வேண்டும்.

"லூ அக்கா, மாத்தறதுக்கு முன்னால இப்படியே ஒரு ப்ரிண்ட் எடுத்துக்கறேன்."

"பழைய பட்டியல் எதுக்குடா?"

அவர் திரையைப் பார்த்தபடியே சொன்னார். "அன்னிக்கு அவர் ரெண்டாவதா கொண்டுவந்தாரே ஒரு பேப்பர், அதை நான் யாருக்கும் திருப்பிக் குடுக்கல. எங்கப்பாவோட வெள்ளைத் துணிக்குள்ள வெச்சு அனுப்பிட்டேன். போற இடத்துல யாராவது கேட்டா, இடத்தைக் காட்டட்டும்னு."

பதினான்கு வருடமாக அவர் இதைச் சொன்னதில்லை. கேத்துட்டுக்கும் தெரியாமலே போய்விட்டது என்று நினைக்கும்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

அச்சு இயந்திரத்தில் மை குறைவாக இருந்தது. முதல் தாளில் நாற்பதாவது வரி வெளிறி வந்தது, அதைக் கசக்கிப் போட்டுவிட்டுப் புது மை மாற்றினேன். இரண்டு பிரதி எடுத்தேன். ஒன்றை மூர்தா நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். மற்றொன்று இப்போதும் என் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது.